முன் அச்சைப் பின்னால் மாட்டலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ஆடிப்பூரத்தன்று வீதி மூலையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்பக்கச் சக்கரம் நெடுந்தூரம் உருளும். உள்பக்கச் சக்கரம் கொஞ்சம்தான் நகரும். தேரை இழுப்பது வடம். சக்கரங்கள் அச்சில் தத்தம் போக்கில் சுழல்கின்றன. ஆகவே அவற்றுக்குள் சண்டையில்லை.

சக்கரத்தை இஞ்சினே சுழற்றும் ஜீப்பில் என்ன செய்வது? இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீரும். இந்த வழக்கைத் தீர்க்கும் பஞ்சாயத்துக்காரர்தான் 'டிஃபரன்ஷியல்'. அச்சில் பூசணிக்காய் போலப் புடைத்து நிற்கிறதே, அந்தக் கூட்டுக்குள் இருப்பவர் அவர்.

பஞ்சாலையில் ஓர் அண்ணன்

இவருக்குப் பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் ஓர் அண்ணன் உண்டு! 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் ஊரே பஞ்சாலை ஊராயிற்று. பஞ்சாலைகளின் பழைய 'சிம்ப்ளெக்ஸ்' யந்திரத்தில், பாபினில் இழை சுற்றச் சுற்ற அது பருக்கும். அதற்கேற்ப அதன் வேகமும் மாறவேண்டும். நிலையான ஒரு வேகத்தையும் மாறும் ஒரு வேகத்தையும் சேர்த்துக் கொடுப்பது டிஃபரன்ஷியலே. பிரிட்டனில் ஹூல்ட்ஸ்வொர்த் என்பவர் 1826-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஓரிரு ஆண்டுகளில் பிரான்ஸ் தேசத்துப் பெக்கர் நீராவி வண்டிக்கு இதே சூட்சுமத்தைக் கொண்டுவந்தார். மில்தான் மூத்தது!

திருப்பிப் போட்டால்?

மலையடிவாரத் தோப்புப் பாதைகளுக்கு ஏற்றது பழைய வில்லிஸ் ரக ஜீப். பின் அச்சு போய்விட்டால், "முன்னாலும் ஒன்று இருக்கிறதே, மாற்றி மாட்டினால் என்ன?" என்று தோன்றுவது இயற்கை. ஆனால் அந்த ஜீப்பில் இரண்டு பூசணிக்காய்களும் நடுவில் இல்லை, வலப்புறம் ஒதுங்கியிருக்கின்றன. பின் அச்சை அப்படியே அரைவட்டம் திருப்பி முன்னால் வைத்தால் அது இடப்புறம் போய்விடும், ஷாஃப்ட் எட்டாது. சரி, கவிழ்த்து வைப்போம் என்றால், வலப்புறம் நிற்கும். ஆனால் முன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலும்! முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இழுத்தால் வண்டி எங்கே போகும்? முன் அச்சைப் பின்னால் கொண்டுபோனாலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளையும் அசையாமல் கட்டவேண்டும்.

பல் கணக்கு இன்னொன்று. யுத்தகால ராணுவ ஜீப்பில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8. யுத்தத்துக்குப் பின் வந்த சிவில் ஜீப்பில் 43-க்கு 8. முன்னால் ஒன்று, பின்னால் மற்றொன்று என்று கலந்தால், நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் நூற்றுக்குப் பத்து வித்தியாசம். மணலில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் சமாளிக்க இடமில்லை. நெரிபடுவது கியர்ப் பெட்டி.

சிலர் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்களை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சேற்றில் அது பலம்தான். மலை வளைவில் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். நின்ற இடத்தில் யந்திரம் ஓட்டுவதற்கானால் வேறு விஷயம். பழைய டிஃபரன்ஷியலின் ஒரு பக்கத்தைக் கட்டிப்போட்டால் மறுபக்கம் இரட்டை வேகத்தில் சுழலும். திசையை மூலைமட்டமாகத் திருப்பியும் தரும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழுதான அச்சுக்குப் பதில் அதே இடத்துக்குரிய பழைய அச்சு வாங்குகிறவர் கூட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. ஷாஃப்ட் முனையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, இரு சக்கரங்களும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றும்படி கையால் திருப்பினால் போதும். கோடு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றால் ராணுவ ஜீப். ஐந்தைத் தாண்டினால் சிவில் ஜீப்.