அஸ்திவாரம் இல்லாத மாளிகை! கோவா கடற்கரையில் ஒரு மதுக்கூடம் எழும்பும் கதை

கடற்கரையில் ஒரு கட்டடம். அதற்கு அஸ்திவாரம் கிடையாது. சுவர் கிடையாது. கதவும் பூட்டும் கிடையாது. மழை ஓய்ந்ததும் எழும்பும். மே மாதக் கடைசியில் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு மறுபடியும் எழும்பும்.

இது என்ன விடுகதை என்று கேட்கிறீர்களா? கோவா கடற்கரையில் வரிசையாக நிற்கும் திறந்தவெளி மதுக்கூடங்களைத்தான் சொல்கிறேன். 'ஷாக்' என்று அங்கே பெயர். குடிசை என்று பொருள். ஆனால் சில குடிசைகளின் உள்ளே போய்ப் பார்த்தால், மெத்தை என்ன, பிரம்பு விளக்கு என்ன, சாய்ந்துகொள்ளத் திண்டு என்ன! 'லவுஞ்ச் பார்' என்று பலகை வேறு தொங்குகிறது.

மதுக்கூடம் என்றதும் வீட்டிலுள்ள பெண்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் குடிக்கப் போகவில்லை. கட்டுவதைப் பார்க்கத்தான் போனேன். குடித்தது ஓர் எலுமிச்சை சோடா. அதன் விலையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள்.

தாராவியில் எங்கள் பழைய சந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். நெல்லைச் சீமைக்காரர். மின்சார வேலை செய்பவர். விநாயகர் சதுர்த்திப் பந்தல்களுக்கு விளக்குப் போட்டு முடித்த கையோடு கோவாவுக்குப் புறப்பட்டுவிடுவார். "தம்பி, உங்களுக்குத்தான் பாஸ் இருக்குல்லா, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன அக்டோபரில் மூன்று நாள் லீவு கிடைத்தது. கொங்கண் கன்யா எக்ஸ்பிரசில் இரவு ஏறி, காலையில் திவிம் நிலையத்தில் இறங்கினேன். அண்ணாச்சி ஸ்கூட்டருடன் காத்திருந்தார்.

சவுக்கும் கயிறும்

நான் போன அன்று வெறும் மணல்தான் இருந்தது. ஒரு லாரியில் சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின. சவுக்கைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம் கல்யாணப் பந்தலுக்கு நடுகிற அதே கம்புதான். மூங்கில், தென்னங்கீற்று, தேங்காய்நார்க் கயிறு, பலகை ஆகியவையே மற்ற சரக்குகள்.

மூன்று, நான்கு அடி ஆழத்துக்கு மணலைத் தோண்டிக் கம்பை இறக்குகிறார்கள். ஈர மணலைச் சுற்றிலும் போட்டு இடிக்கிறார்கள். சிமெண்ட் கிடையாது. மேலே குறுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டுகிறார்கள்.

"ஏன் அண்ணாச்சி, ஆணி அடித்தால் சீக்கிரம் முடியுமே?" என்று கேட்டேன்.

"உப்புக் காத்துல இரும்பு ஆணி ஒரு சீசனுக்குள்ள பூத்துப் போயிரும் தம்பி. கயிறுன்னா காத்து அடிச்சா கொஞ்சம் ஆடிக் கொடுக்கும். ஆடுறதுதான் நிக்கும்" என்றார்.

அஸ்திவாரம் போடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலைகள் கரை மணலை அரித்துக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தரும். ஆண்டுதோறும் போய் வருகிற தரை அது. அதன் மேல் நிரந்தரமாக எதைக் கட்டுவது?

சீசன் நடுவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2017 நவம்பர் 30ந் தேதி கன்னியாகுமரியைத் தாக்கி நம் மீனவர் குடும்பங்களை அழவைத்த 'ஒக்கி' புயலை மறந்திருக்கமாட்டீர்கள். அதே புயல் அரபிக் கடலில் வடக்கே நகர்ந்தபோது, டிசம்பர் முதல் வாரத்தில் கோவாவிலும் கடல் பொங்கி இந்த ஷாக்குகளுக்குள் புகுந்தது.

திண்ணைதான் தாய்!

பழைய கோவா வீடுகளின் முகப்பில் 'பல்காவ்' என்று ஒன்று உண்டு. போர்த்துக்கீசியர் காலத்துப் பெயர். வாசற்படியின் இரு பக்கமும் கல் இருக்கை, மேலே சிறு கூரை. சாயங்காலம் குடும்பமே அங்கே உட்கார்ந்து தெருவில் போகிறவர்களோடு ஊர்க்கதை பேசும். நம்முடைய திண்ணையேதான்! கடற்கரை மதுக்கூடத்தை அந்தத் திண்ணையின் பேரப்பிள்ளை என்று நான் சொல்வேன். தெருவுக்குப் பதில் கடல், அவ்வளவே.

உட்காரும் உயரத்தில்தான் உள் அலங்காரத்தின் சூட்சுமமே இருக்கிறது. சாப்பாட்டு மேஜை 30 அங்குலம். அதில் சாப்பிட்டதும் எழுந்துவிடத் தோன்றும். மதுக்கூடத்தின் நீள மேடை 42 அங்குலம். அதற்கு 30 அங்குல முக்காலி. அங்கே நின்றபடி ஒன்று குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் சாய்விருக்கைப் பகுதியில் மேஜை 18 அங்குலத்துக்கு மேல் போவதில்லை. இருக்கை அதைவிடத் தாழ்வு. அதில் ஒருமுறை சாய்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது. எழுந்திருக்காதவர் இன்னொன்று கொண்டுவரச் சொல்வார்! தச்சர் அளவுகோலில் முதலாளியின் வருமானம் இருக்கிறது.

தாழ்வான இருக்கைகளை முன்வரிசையில் மணலிலேயே போடுகிறார்கள். அதற்குப் பின்னால் பலகை மேடை ஓர் அடி உயரம். அதற்கும் பின்னால் இன்னோர் அடி. சினிமாக் கொட்டகை மாதிரி, பின்னால் இருப்பவருக்கும் சூரியன் கடலில் விழுவது தெரியவேண்டும். வாகத்தோர் பக்கம் குன்றின் சரிவில் இருப்பவற்றுக்கு இந்தப் படிவரிசை இயற்கையாகவே அமைந்துவிடுகிறது. நாஞ்சில் நாட்டார் வெட்டுக்கல் என்பார்களே, அந்தச் சிவப்புக் கல்தான் அந்தக் குன்று.

கடல் மேற்கே. ஆகவே மாலை 4 மணி வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கூரையின் முன்பக்கத்தை வெகுவாகத் தாழ்த்துவதும், மூங்கில் தட்டியைச் சுருட்டிக் கட்டிவைப்பதும் இதற்காகத்தான். வெயில் நேரத்தில் தட்டியை இறக்கி, சூரியன் சிவக்கும் நேரம் பார்த்துச் சுருட்டிவிடுவார்கள். சமையலறை பின்னால், கிழக்கே. பகலில் காற்று கடலிலிருந்து வருவதால் புகை பின்னால் போய்விடும். இரவில் காற்று தரையிலிருந்து திரும்புமே! அப்போது புகை விருந்தினர் கண்ணில் ஏறாமலிருக்கப் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே தூக்கியிருந்தார்கள்.

விளக்கும் ஆமையும்

விளக்குதான் அண்ணாச்சியின் இலாகா. பழைய கோவா வீடுகளில் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு வகைச் சிப்பியின் மெல்லிய ஓட்டைச் சன்னல் சட்டங்களில் பதித்திருப்பார்கள். வெளிச்சம் பால்போல் உள்ளே வரும். அதே சிப்பியை இப்போது விளக்குக் கூண்டாகச் செய்து மாட்டுகிறார்கள். பார்க்க அழகு. வெளிச்சமும் கண்ணை உறுத்தாது.

ஆனால் எங்கே வேண்டுமானாலும் விளக்கு மாட்டிவிட முடியாது. மோர்ஜிம், மாந்த்ரேம், அகோந்தா, கல்ஜிபாக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் தெரிகிற திசையைக் கடல் என்று நினைத்து நகரும். இயற்கையில் இரவின் வெளிச்சம் கடல் பக்கம்தான். மதுக்கூடத்து விளக்கு அதைவிடப் பளிச்சென்று இருந்தால், குஞ்சு கரைப்பக்கம் வந்து செத்துப்போகும். ஆகவே அங்கே விளக்கைத் தாழ்த்தி, மேல் மறைப்புப் போட்டு, கடல் பக்கம் வெளிச்சம் சிந்தாமல் மாட்டவேண்டும்.

சத்தத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. 2000ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சுவரில்லாத கட்டடத்துக்கு இது பெரிய இடி. சத்தத்தை அடைத்துவைக்க எதுவுமில்லையே!

தீ

கீற்றுக்கூரை, கயிறு, பலகை, பக்கத்திலேயே அடுப்பு. இதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2025 டிசம்பரில் வடகோவாவில் அர்போரா என்ற ஊரிலிருந்த ஓர் இரவு விடுதியில் தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். அது கடற்கரை ஷாக் அல்ல. வேறு வகைக் கட்டடம். இறந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வந்தவர்கள் அல்லர். அங்கே வேலை பார்த்தவர்கள். பிழைக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள். நம்மைப் போல.

அதன் பிறகு அண்ணாச்சி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒயரைக் கீற்றோடு சேர்த்துக் கட்டமாட்டார். குழாய்க்குள் விட்டுத் தனிக் கம்பில் கொண்டுபோகிறார். சமையலறைக்கு இரண்டு வழி விடச் சொல்லித் தச்சரிடம் மல்லுக்கு நிற்கிறார். "முன்னால உக்காந்திருக்கவன் எந்திரிச்சுக் கடலப் பாத்து ஓடிருவான். பின்னால சட்டி கழுவுத பையன் எங்க ஓடுவான்?" என்பது அவர் கேள்வி. அலங்கார நிபுணர் வரைந்துகொடுத்த படத்தில் சமையலறைக்கு ஒரே வழிதான் இருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

பலகைக்கு அடியில்...

1991ம் ஆண்டு வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும், பின்னர் 2011, 2019ல் வந்தவையும் கரையோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்துகின்றன. கோவாவில் வழக்கமாக செப்டம்பர் முதல் மே வரை போடப்படும் தற்காலிகக் கொட்டகைகளுக்கு 2011 அறிவிக்கை தனியாக இடம் கொடுத்தது. மாநில சுற்றுலாத் துறை குலுக்கல் போட்டு இடம் ஒதுக்குகிறது. சீசன் முடிந்ததும் கழற்றிவிடவேண்டும்.

கழற்றிப் பூட்டுவதற்குச் செலவு ஆகிறதல்லவா? அங்கேதான் ஆசை நுழைகிறது. மேலே பலகை, அடியில் கான்கிரீட்! சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலாளி அப்படிப் போட்ட தளத்துக்குள் ஒயர்க் குழாய் பதிக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். மூன்று வாரக் கூலி பாக்கி நின்றுபோயிற்று. இன்றுவரை வரவில்லை.

"எதற்கு வம்பு, பதித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். ஆபீசில் கோப்பு தள்ளிப் பழகிய புத்தி!

"இடிக்க வந்தா முதலாளி வக்கீலப் பாப்பாரு தம்பி. நான் யாரப் பாக்க?"

அவர் சொன்னது கற்பனைப் பயம் அல்ல. அஞ்சுனா கடற்கரையில் பெயர்பெற்ற ஒரு விடுதியை விதிமீறல் என்று இடிக்கும் உத்தரவை 2022 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. இயந்திரங்கள் வந்து இறங்கிய அன்றே உச்ச நீதிமன்றம் ஒரு பகுதிக்குத் தடை கொடுத்தது. முதலாளிமார் டில்லி வரை போக முடிகிறது. பரிமாறுகிறவனுக்கும் பாத்திரம் கழுவுகிறவனுக்கும் அன்றைக்கே வேலை போய்விடும்.

மூன்றாம் நாள் மாலை நான் புறப்படும்போது கூரை பாதி வேய்ந்திருந்தது. சிப்பி விளக்குகள் இன்னும் வைக்கோல் பெட்டியில் இருந்தன. தச்சர் ஒருவழியாகச் சம்மதித்து, சமையலறையின் வடக்குப் பக்கத்தில் இரண்டு கம்புகளுக்கு நடுவே வழி விட்டிருந்தார். அண்ணாச்சி அதற்கு மேலே ஒரு விளக்கை மாட்டி எரியவிட்டுக் காட்டினார். மே மாதம் கடைசி வாரம் அவரே வந்து எல்லாவற்றையும் கழற்றி, கம்புகளை அடுக்கி, விளக்குகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, ஜூன் மழைக்கு முன் தாராவி திரும்பவேண்டும். திரும்பும் டிக்கெட்டை இப்போதே எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்டார். முன்பதிவு இன்னும் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.