விற்பனைக்கு விட்ட வீட்டில் எதைப் பூட்டி வைப்பது?

ஹெலன்ஸ்பர்க்கில் எமது வீட்டை விற்பனைக்கு விட்ட மூன்றாம் நாள் மெல்பேர்ணிலிருந்து ஒரு நண்பர் அழைத்தார். "அண்ணை, வீடு படத்திலை நல்ல வடிவா இருக்கு. ஆனா சாமியறைக்குப் பக்கத்துச் சுவரிலை மாட்டியிருக்கிற பத்திரத்திலை உங்கட பிறந்த திகதியும் வாசிக்கக்கூடியதாக் கிடக்கு" என்றார்.

இணையத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மைதான். அது எமது குடியுரிமைப் பத்திரம். அகதியாக வந்தவர் வீட்டில் அந்தக் கடதாசி ஏன் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது என்று எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முகவர் அனுப்பிய படப்பிடிப்பாளர் வந்த அன்று நாம் தரையைத் துடைத்தோம், மெத்தை விரிப்பை மாற்றினோம், பூச்சாடி வைத்தோம். சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலையே படத்தை மாற்றுவித்தோம். இருந்தும் மனம் ஆறவில்லை. இந்த நாட்டில் ஒருவரின் அடையாளத்தை 100 புள்ளி கணக்கில் சரிபார்ப்பது வழக்கம். அதில் குடியுரிமைப் பத்திரத்துக்கு மட்டும் 70 புள்ளி. மிச்சத்துக்கு ஒரு வங்கிக் கடிதமும் ஓட்டுநர் அட்டையின் பிரதியும் போதும். இவை எல்லாம் எமது வீடுகளில் எங்கே கிடக்கும்? குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியபடி, அல்லது குசினி லாச்சியில்.

வீடு விற்கும்போது கதவையும் யன்னலையும் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். கணக்காளர் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் கதவை நாமே திறந்துவிடும் நாட்கள் அவை. சனிக்கிழமை அரை மணி நேரத்துக்கு முன்பின் தெரியாத இருபது பேர் ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்வருவார்கள். அங்கே பூட்டு எதைக் காக்கும்?

2010இல் பேர்த் நகரில் நடந்ததைச் சிலர் அறிந்திருப்பீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் தென்னாபிரிக்காவில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து இயங்கிய மோசடிக்காரர்கள் அவர் பெயரில் மின்னஞ்சலும் கடதாசிகளும் அனுப்பி, முகவர் மூலமாகவே அவரது வீட்டை விற்றுப் பணத்தையும் எடுத்துவிட்டார்கள். இன்னொரு ஆதனத்தையும் விற்க ஆயத்தமாக இருந்தபோதுதான் அயலவர் ஒருவர் மூலம் அவருக்குச் சங்கதி தெரியவந்தது. உடனே பறந்து வந்து அதைத் தடுத்தார். அதன்பிறகு முகவர்களும் கன்வேயன்சர்களும் விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் விதிகள் இறுக்கப்பட்டன. ஆனாலும் அந்தச் சரிபார்ப்பு நடப்பது கடதாசிகளை வைத்துத்தான் என்பதை மறக்கக்கூடாது. கடன் கட்டி முடித்த வீடு, சொந்தக்காரர் மாதக்கணக்கில் ஊரில்: எம்மவர் பலரின் நிலையும் இதுதானே.

ஊரில் காணி உறுதியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இடம்பெயர்ந்தபோதும் உடுப்புக்கு முன் அதைத்தான் எடுத்தோம். நியூ சவுத் வேல்ஸில் கடதாசி உறுதி என்பதே இப்போது இல்லை. 2021 ஒக்டோபர் 11ஆம் திகதியுடன் அது சட்டப்படி செல்லாததாகி, எல்லாம் கணினிப் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே உறுதியைத் திருட முடியாது. உங்கள் பெயரைத்தான் திருடலாம். கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், வரிக்கோப்பு இலக்கம் உள்ள கடிதங்கள், வங்கிக் கடதாசிகள், ஊர்க் காணிக்கு எழுதிய அற்றோனித் தத்துவம் ஆகிய அனைத்தையும் படம் எடுக்க முன்னரே ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். நாம் தூங்காபியில் மகள் வீட்டில் வைத்தோம்.

நகைக்கும் அதே விதிதான். தெற்காசியக் குடும்பங்களில் தங்கம் இருக்கும் என்பது கள்ளருக்கு நன்றாகத் தெரியும். பிரித்தானியாவில் 2013இலிருந்து ஐந்தாண்டுகளில் இப்படிக் களவுபோன தங்கம் சுமார் 14 கோடி பவுண் பெறுமதி என்று 2019இல் பிபிசி கணக்கெடுத்துச் சொன்னது. சாமியறைப் படம் ஒன்று போதும், இது எவர் வீடு என்று காட்டிக்கொடுக்க. ஹெலன்ஸ்பர்க்கில் அதுவும் தேவையில்லை. 1985இல் கும்பாபிஷேகம் நடந்த வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு அருகில், வாசலில் மாவிலைத் தோரணத்தோடு நிற்கும் வீடு வேறு யாருடையதாக இருக்கும்? தாலிக்கொடியும் காப்பும் வங்கிப் பெட்டகத்துக்குப் போகட்டும். அரிசி வாளிக்குள் ஒளிப்பது எமது அம்மாக்களின் காலத்தோடு போய்விட்டது. கள்ளரும் அதைப் படித்துவிட்டார்கள்.

எமக்கு நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டாவது சனிக்கிழமை பார்வை முடிந்து திரும்பியபோது, குசினிச் சுவரில் தொங்கிய பின்கதவுத் திறப்பைக் காணவில்லை. முகவரின் பட்டியலில் பதினேழு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. யாரையென்று கேட்பது? ஒரு பிள்ளை விளையாட்டாக எடுத்திருக்கலாம். நாம்தானே தொங்கவிட்டது. எமது வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு அப்பால் காடுதான். இரவில் ஒரு வெளிச்சம் கிடையாது. அன்றிரவு பின்கதவுக்குக் குறுக்கே சாப்பாட்டு மேசையை இழுத்து வைத்துவிட்டுப் படுத்தோம். ஒருகாலத்தில் வேறு காரணங்களுக்காகச் செய்த வேலை அது. இந்த நாட்டில் செய்வோம் என்று நினைத்திருக்கவில்லை. திங்களன்று எல்லாப் பூட்டையும் மாற்றினோம். (வசித்த வீட்டுக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பதால் அந்தச் செலவைக் கழிக்கவும் வழியில்லை.)

அப்போதுதான் காப்புறுதி ஒப்பந்தத்தை முதன்முறையாக முழுவதும் வாசித்தோம். மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வெட்கக்கேடு. பல ஒப்பந்தங்களில், உங்கள் சம்மதத்தோடு உள்ளே வந்தவர் எடுத்துச் சென்ற பொருளுக்கு இழப்பீடு இல்லை. கதவோ யன்னலோ உடைக்கப்பட்டிருக்கவேண்டும் என்று கேட்பவையும் உண்டு. வீடு பார்க்க வந்தவர் உங்கள் சம்மதத்தோடுதான் வந்தார். அதேபோல், பலவற்றில் வீடு தொடர்ந்து 60 நாட்கள் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு குறையும், அல்லது இல்லாமலே போகும். புது வீட்டுக்கு முதலே குடிபோய், பழைய வீட்டை வெறுமனே விட்டிருப்பவர்கள் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆளில்லாத வீட்டுக்குச் செய்யவேண்டியது நீங்கள் அறிந்ததுதான். தபாலை அவுஸ்திரேலியா போஸ்டில் திசைதிருப்புவது, புல்லை வெட்டுவிப்பது, நேரம் வைத்து எரியும் விளக்கு, குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைக்க ஓர் அயலவர். வீட்டுப் படங்களைத் திருடி வாடகைக்கு என்று பொய் விளம்பரம் போட்டு முற்பணம் வாங்கும் கூட்டமும் உண்டு. யாராவது பெட்டியோடு வந்து நின்றால் முதலில் கண்டுபிடிப்பவரும் அந்த அயலவர்தான்.

கமரா பூட்டலாம். ஆனால் பார்க்க வந்த கணவனும் மனைவியும் தமக்குள் கதைப்பதை ஒலிப்பதிவு செய்தால் 2007ஆம் ஆண்டின் கண்காணிப்புச் சாதனச் சட்டம் உங்கள் மீது பாயும். ஒலியை நிறுத்திவிட்டு, கமரா இருப்பதை முகவரிடம் சொல்லிவையுங்கள். பார்க்க வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்தே உள்ளே விடும்படியும், ஒரே நேரத்தில் எல்லோரையும் விடாமல் சிலர் சிலராக விடும்படியும் முகவரிடம் கேட்கலாம். வீடு உங்களுடையது, முகவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கைமாறும் நாள்தான் கடைசிக் கண்டம். 2018இல் மெல்பேர்ணில் ஒரு குடும்பம் வீடு விற்ற பணத்தில் சுமார் 250,000 டொலர் வேறு கணக்குக்குப் போனது. கன்வேயன்சரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தவர்கள், பெக்ஸா என்ற மின்வழிக் கைமாற்றுத் தளத்தில் கணக்கு விவரத்தை மாற்றிவிட்டார்கள். ஆகவே வங்கி இலக்கத்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாதீர்கள். நேரில் கொடுங்கள். கைமாறுவதற்கு முன் உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, ஒவ்வோர் இலக்கமாக வாசித்துச் சரிபாருங்கள். "கணக்கு மாறிவிட்டது" என்று வரும் மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு அழைப்பதில் பயனில்லை, எடுப்பவன் கள்ளன்.

விற்று முடிந்தபின்னும் வீட்டின் உட்படங்கள் விளம்பரத் தளங்களில் வருடக்கணக்கில் கிடக்கும். வாங்கியவருக்கும் அது தலையிடி. எடுக்கச் சொல்லி முகவருக்கு எழுதினோம். இரண்டு தரம் நினைவூட்டியபின் எடுத்தார்கள். குடியுரிமைப் பத்திரம் இன்னும் மகள் வீட்டுப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. புது வீட்டில் அதற்கென்று சுவரில் ஆணி அடித்துவிட்டோம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியுமா என்று இருவரும் மாறி மாறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.