வெயிலுகந்த ஊரில் வெயில் தாங்காத உடம்பு

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது உப்பூர். ராமேஸ்வரம் யாத்திரை வருகிறவர்கள் பலர் இங்கே இறங்கி வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத்தான் தேவிபட்டினத்து நவபாஷாணத்துக்குப் போவார்கள். சூரியக் கதிர்கள் தன் மேனியில் படுவதை விரும்பி ஏற்ற பிள்ளையார் என்பதால் அந்தப் பெயர். ஊர்ப்பக்கத்துப் பிழைப்பும் வெயிலை நம்பித்தான் நடக்கிறது. உப்பு விளைய வெயில் வேண்டும். கருவாடு காயவும் வெயில் வேண்டும்.

அதே வெயில் ஒருவரின் கைகால்களைப் பிடுங்கிப் போட்டதுபோல் ஆக்கிவிடும் என்றால்?

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு நடப்பது அதுதான். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அரித்துவிடுகிறது. வாய்க்கால் கரை அங்கங்கே உடைந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அப்படித்தான் மூளை அனுப்பும் செய்தி காலுக்கும் கண்ணுக்கும் தாமதமாகப் போகிறது. சில சமயம் போகாமலே நின்றுவிடுகிறது. பாரிஸ் மருத்துவர் ழான் மார்த்தேன் ஷார்க்கோ 1868-இல் இதைத் தனி நோயாக விவரித்தார். 2020-இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைப்போல் இரண்டு மடங்குக்கும் குறையாமல் பெண்களுக்கு வருகிறது.

வெயில் குறைந்த குளிர் நாடுகளில்தான் இது அதிகம். நம் பக்கம் அபூர்வம் என்பதாலேயே இங்கே ஒரு பெண்ணுக்கு வந்தால், அக்கம்பக்கத்தில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவள் படும் பாட்டில் வெளியே தெரிவது சோர்வு மட்டும்தான். “பார்க்க நல்லாத்தானே இருக்கே, எந்திரிச்சு வேலையைப் பாரு” என்ற சொல் வீட்டிலிருந்தே வரும்.

அலுப்பு வேறு, இது வேறு

எம்.எஸ். உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேரை வாட்டுவது இந்தச் சோர்வு. நாள் முழுக்க உப்பு வாரியவருக்கு வரும் அலுப்பு ஓர் இரவு தூங்கினால் தீரும். இதுவோ, தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் லாரன் க்ரப் 1980-களின் இறுதியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தார். வெப்பத்தில் கூடுவது இந்தச் சோர்வின் தனி அடையாளம் என்று அவர் கண்டார். 1989-இல் அவர் வகுத்த ஒன்பது கேள்விகளைக் கொண்ட அளவுகோலை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

வெப்பத்தின் வேலையை அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே ஒருவர் தொட்டிருந்தார். 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப், உடம்பை வருத்தி வேலை செய்தபின் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கவனித்தார். உழைப்பே காரணம் என்று அவர் எண்ணினார். உடம்புச் சூடு ஏறுவதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முன், நோயைக் கண்டுபிடிக்க நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைக்கும் சோதனைகூட இருந்தது. உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடைபட, உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே போதும். உடம்பு குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும். நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் நேர்ந்திருக்காது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் குறையும்.

மாத்திரை கை கொடுக்காத இடம்

சோர்வுக்கென்று தரப்படும் அமன்டடின், மோடஃபினில், மெத்தில்ஃபெனிடேட் ஆகிய மூன்று மருந்துகளையும் அமெரிக்காவில் 141 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2021-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. வெற்று மாத்திரையைவிட மூன்றில் எதுவும் மேலாக இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகளின் கதை வேறு. அவற்றை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. ஆனால் அன்றாடச் சோர்வைச் சமாளிக்க அன்றாட வாழ்க்கையைத்தான் மாற்றியாக வேண்டும்.

மாற்றம் என்றால் படுத்தே கிடப்பதா? ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஜிம்மி ஹியூகா 1964 இன்ஸ்ப்ருக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்கர். 1970-இல் எம்.எஸ். என்று தெரிந்ததும் உடம்பை அசைக்காதே என்றார்கள். கேட்டுப் பார்த்தார், உடம்பும் மனசும் இன்னும் தளர்ந்தன. பிறகு தானே அளவான உடற்பயிற்சிகளை வகுத்துக்கொண்டார். 1984-இல் மற்ற நோயாளிகளுக்காகக் கொலராடோவில் ஒரு மையம் தொடங்கினார். நோய் அவரைக் கடைசியில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. ஆனாலும் அளவான உடற்பயிற்சி சோர்வைக் குறைக்கும் என்ற அவர் வழியைப் பின்னால் வந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

சூரியனைப் பார்த்து நாளைப் பிரிப்பது

திருப்பாலைக்குடி, உப்பூர்ப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். எம்.எஸ். உள்ளவருக்கும் இந்தக் கணக்குதான் பொருந்தும். நடை, துணி துவைப்பு, சமையல் போன்ற சக்தி கேட்கும் வேலைகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் அரை மணி நேரக் கண்ணயர்வு போதும். அதற்கு மேல் தூங்கினால் ராத்தூக்கம் கெடும். களைத்து விழுந்தபின் படுப்பதைவிட, களைப்பு வருமுன் உட்காருவது பலன் தரும். அமெரிக்காவில் 169 பேருக்கு இப்படிச் சக்தியைச் சிக்கனமாகச் செலவிட ஆறு வாரம் பயிற்சி தந்தார்கள். சோர்வின் பாதிப்பு குறைந்ததை 2005-இல் வெளியான முடிவு காட்டியது.

நம் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? நின்று நறுக்காமல் அரிவாள்மனையோ பலகையோ வைத்து உட்கார்ந்து நறுக்கலாம். விறகடுப்புப் பக்கம் மணிக்கணக்கில் நிற்பதைத் தவிர்க்கலாம். எண்ணெய் தேய்த்த அன்றைக்கும் வெந்நீருக்குப் பதில் ஆறிய நீரில் குளிக்கலாம். இந்த மாவட்டத்தில் குடங்களை அடுக்கித் தள்ளிப் போகும் தள்ளுவண்டி தெருவுக்குத் தெரு உண்டு. இடுப்பில் குடம் சுமக்கும் வேலையை அதனிடம் விட்டுவிடலாம்.

குளிர்விப்பதற்கும் ஆதாரம் உண்டு. நாசா தொழில்நுட்பத்தில் செய்த குளிர்ச் சட்டையை 84 பேருக்கு அணிவித்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஒரு மாதம் தினமும் அணிந்தபோது சோர்வு குறைந்தது. பாக் நீரிணைக் கரையில் புழுக்கம் அதிகம், வியர்வை சீக்கிரம் உலராது. அதனால் கழுத்தில் ஈரத்துண்டு போட்டால் மின்விசிறிக் காற்றும் வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டி இன்னும் நல்லது. வெளியே கிளம்பும் முன் குளிர்ந்த நீர் குடிக்கலாம். பஸ்ஸில் சிறுநீர் முட்டுமே என்று பயந்து பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். அது சோர்வைக் கூட்டவே செய்யும்.

எல்லாம் எம்.எஸ். இல்லை

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. எம்.எஸ். உள்ள பெண் அதற்கு விலக்கா என்ன? ரத்தசோகை, தைராய்டு, பி12, வைட்டமின் டி குறைபாடு, ராத்திரி இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, மனச்சோர்வு, தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரையின் மயக்கம் என ஒவ்வொன்றும் சோர்வின் மேல் சோர்வை ஏற்றும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது. மருத்துவரிடம் “சோர்வா இருக்கு” என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரத்தில், எந்த வேலைக்குப் பின், எத்தனை நேரம் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் அவருக்குக் காரணம் பிடிபடும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளின் பட்டியலில் எம்.எஸ்.ஸையும் சேர்த்தது. 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. ஆனாலும் உப்பூரிலிருந்து நரம்பியல் மருத்துவரைத் தேடி மதுரைக்குப் போகிறவர், பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து, சீட்டு வாங்க வரிசையில் நிற்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும்; மருத்துவர் முன் உட்காரும் நேரத்தில் அன்றைய சக்தி தீர்ந்திருக்கும்.

மே 30 உலக எம்.எஸ். தினம், கத்திரி வெயில் முடிந்த கையோடு வரும் நாள். அன்றைக்கு மருத்துவமனைகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறவர்கள், தூரத்திலிருந்து வரும் இந்த நோயாளிகளுக்கு முன்கூட்டியே குறித்த நேரம், மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி, பக்கத்தில் குடிதண்ணீர், நடக்கிற தூரத்தில் ஒரு கழிப்பறை என்று இந்த நான்கையும் உறுதி செய்யட்டும்.