சட்டையில் குத்தும் ரிப்பன்: எந்த நிறம் எதைச் சொல்கிறது?

காவலூரில் வானோக்குக் கூடத்தைப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ரோட்டோரக் கடையில் டீக்கு நின்றார்கள். எல்லோர் சட்டையிலும் மடித்துக் குத்திய சிவப்பு ரிப்பன். கல்லாவில் இருந்த நம் வியாபாரி, "தம்பி, இது எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்டதில் தவறில்லை; நம் பக்கம் நிறம் என்றால் முதலில் கொடிதான் நினைவுக்கு வரும். ஆனால் "இது எய்ட்ஸ் ரிப்பன், எங்கள் கல்லூரி ரெட் ரிப்பன் கிளப்பில் கொடுத்தது" என்று அவர்கள் சொன்னதும், பெஞ்சில் இருந்த ஒருவர் தம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதுதான் நம்மை இதை எழுத வைத்தது.

ரிப்பன் குத்தியவர் நோயாளி அல்ல. நோய் கண்டவர்களை ஒதுக்கமாட்டேன் என்று சொல்லிக் குத்திக்கொள்வது அது. 1991-ல் நியூயார்க்கில் 'விஷுவல் எய்ட்ஸ்' என்ற அமைப்பைச் சேர்ந்த ஓவியர்கள் சிலர் கூடி இந்த ரிப்பனை உண்டாக்கினார்கள். வளைகுடாப் போருக்குப் போன சிப்பாய்களை நினைத்து அமெரிக்க மக்கள் மஞ்சள் ரிப்பன் கட்டிய காலம் அது. அதைப் பார்த்து இவர்கள் ரத்தத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டார்கள். இதற்குக் காப்புரிமை வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நோயின் கதையில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. ரிப்பன் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1986-ல், இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் படித்த நிர்மலா என்ற மாணவி, பட்ட ஆய்வுக்காக மாதிரிகளைச் சேகரித்து, வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார். அங்கேதான் சோதனை நடந்தது. நம் மலை ஜனங்களும் பெரிய வைத்தியம் என்றால் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

ரூபாய் நோட்டு, சில்லறை, டீ டம்ளர், கைகுலுக்கல் எதனாலும் இந்தக் கிருமி தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்ற வழிகளில் வருவது அது. இன்று மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் எல்லோரையும் போல மூட்டை தூக்கலாம், கணக்கு எழுதலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் கடைக்காரர்களையும் கட்டுப்படுத்துகிறது. கடைக்கு வரும் நோயாளிக்குச் சரக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. கடைப்பையனை வேலைக்கு வைக்குமுன் "டெஸ்ட் எடுத்து வா" என்று நிபந்தனை போடக்கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் போட்டுக் கேட்கலாம்.

அடுத்தது ரோஸ் நிறம். இது மார்பகப் புற்றுநோய்க்கு உரியது. அக்டோபர் மாதத்தில் பத்திரிகை விளம்பரங்களிலும் சரக்குப் பொட்டலங்களிலும் பார்த்திருப்பீர்கள். இதன் பிறப்பு வியாபாரிகளான நமக்குச் சுவையானது. அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற அம்மாள், 1990-களின் தொடக்கத்தில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்து, புற்றுநோயைத் தடுக்க அரசு போதிய பணம் ஒதுக்கவில்லை என்று எழுதிய அட்டையோடு வினியோகித்தார். ஒரு பெண்கள் பத்திரிகையும் எஸ்தே லாடர் என்ற அழகுப்பொருள் கம்பெனியும் அந்த ரிப்பனைக் கேட்டன. "உங்களுக்கு இது வியாபாரம்" என்று அம்மாள் கொடுக்க மறுத்தார். வக்கீல்கள் வேறு நிறத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பீச் ரோஸ் ஆயிற்று. 1992-ல் கம்பெனியின் கடைகளிலேயே லட்சக்கணக்கில் ரிப்பன் வினியோகம் ஆனது. அதனால் எத்தனையோ பெண்கள் நேரத்தோடு பரிசோதனைக்குப் போனார்கள் என்பதையும் மறுக்க முடியாது. அம்மாள் சொன்னதும் பொய்யில்லை.

மற்ற நிறங்களில் குழப்பமே அதிகம். வெள்ளை, பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்துக் கனடாவில் 1991-ல் ஆண்கள் தொடங்கியது. நுரையீரல் புற்றுநோய்க்கும் வெள்ளையைக் குத்துகிறார்கள். பச்சை உடல் உறுப்பு தானத்துக்கும் உண்டு, மனநலத்துக்கும் உண்டு. பொன்னிறம் குழந்தைகளின் புற்றுநோய்க்கு. மஞ்சளை அமெரிக்கர்கள் தூரத்தில் இருப்பவர் வீடு திரும்பக் கட்டுகிறார்கள். நம் கடைத்தெருவிலோ மஞ்சள் கடுதாசி என்றால் கொடுத்த கடன் திரும்பாது என்று அர்த்தம்!

சைவப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. ரிப்பன் நிறத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. கொடிநாள் என்றால் 1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி முன்னாள் படைவீரர் நலனுக்கு அரசே வசூலிக்கிறது, பணம் போகும் இடம் தெரியும். ரிப்பனை எவரும் அச்சடித்து எவரும் விற்கலாம். ஆகவே கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைக்க யாராவது வந்தால், பதிவுச் சான்றின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். உண்டியலுக்குச் சீல் வைத்து, உங்கள் முன்னிலையில் எண்ணி, ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பணத்தைக் கொடுப்பதானால் 2,000 ரூபாய்க்கு மேல் செக்காகவே கொடுங்கள். அதற்கு மேல் ரொக்கத்துக்கு வரிச் சலுகை கிடையாது. கம்பெனி விற்பனையாளர் ரிப்பன் போட்ட சரக்கைக் கொண்டுவந்து "இதில் ஒரு பங்கு தருமத்துக்கு" என்றால், ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு, எந்த அமைப்புக்கு, எந்தத் தேதி வரை, உச்சவரம்பு உண்டா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்கப்போவது அவரை அல்ல, உங்களைத்தான்.

எழுதும்போது நமக்கே உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் ஒரு ரிப்பன் இருக்கிறது. கருஞ்சிவப்பும் தந்த வெள்ளையும் கலந்தது. அதைக் குத்திக்கொண்டு நாம் எந்த முகத்தோடு பீடிக்கட்டு எடுத்துக் கொடுப்பது? விற்பதை இன்றே விடச் சொன்னால் சின்னக் கடைக்காரர் நம்மைக் கோபிப்பார். 18 வயதுக்கு உட்பட்டவருக்குக் கொடுக்காதிருப்பதும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்காதிருப்பதும் 2003-ம் வருடச் சட்டப்படியே நம் கடமை. அந்தப் போர்டு கடையில் மாட்டியிருக்கிறதா என்று இன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.