விஷத்தைச் சுவாசிக்கும் உயிர்கள்! தெரியுமா?

ஒரே ஆற்றில் சுமார் 590 டன் விஷம்! நம்ப முடிகிறதா? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓடும் ஹட்சன் ஆற்றில், 1947 முதல் 1977 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு கபாசிட்டர் ஆலைகளிலிருந்து கலந்த பிசிபி ரசாயனம் இவ்வளவு இருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு! 1976-இல் ஆற்றின் மேற்பகுதியில் மீன் பிடிக்கவே தடை போட்டார்கள்.

பிசிபி லேசில் எரியாது. தண்ணீரில் கரையாது. மீனின் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதில் எத்தனை வகை தெரியுமா? 209!

இதையும் ஓர் உயிர் சீண்டுமா? சீண்டியதே! 1980-களில் ஆற்றடிச் சேற்றை ஆராய்ந்தவர்கள் திகைத்துப்போனார்கள். பிசிபியிலிருந்த குளோரின் அணுக்கள் கழன்றிருந்தன! காற்றே புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்களின் வேலை அது. நமக்கு மூச்சுவிட ஆக்சிஜன். அவற்றுக்கு பிசிபி!

அதோடு முடிந்ததா? இல்லை! குளோரின் குறைந்த மிச்சத்தை, ஆக்சிஜன் பிடித்த இன்னொரு பாக்டீரியாக் கூட்டம் உடைக்கிறது. ஒருவர் மட்டை உரித்துக் கொடுக்க, இன்னொருவர் தேங்காய் உடைப்பதுபோல!

இன்னும் கேளுங்கள்! ஆற்றுக்குள்ளேயே உருளைகளை நட்டு, உள்ளே இருந்த சேற்றுக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். 73 நாளில் 37 முதல் 55 சதவீத பிசிபி காணோம்! 1993-இல் வெளியான ஆய்வு இது. எனக்கு மெய்சிலிர்த்த இடம் வேறு. பிசிபியைச் சிதைப்பதில் தேர்ந்த பாக்டீரியாவை வெளியிலிருந்து திரும்பத் திரும்பச் சேர்த்தும், கூடுதல் பலன் துளியும் இல்லை! அந்தச் சேற்றிலேயே வாழ்ந்த பாக்டீரியாக்களே போதுமாக இருந்தன!

ஆனால் விஷம் மலையளவு. இவற்றை மட்டும் நம்பி விட்டுவிட முடியவில்லை. 2009-இல் தொடங்கி 2015-க்குள் சுமார் 21 லட்சம் கன மீட்டர் சேற்றைத் தோண்டி அள்ளினார்கள்!

விஷத்தைச் சுவாசிக்கும் இன்னொரு சூர பாக்டீரியா கிடைத்தது எங்கே தெரியுமா? அதே மாநிலத்தின் இதாகா நகரச் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்தில்! 1997-இல் அறிவிக்கப்பட்டது. அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! டிரை கிளீனிங் கடைகளில் புழங்கும் குளோரின் கரைப்பானைச் சுவாசித்து, நான்கு குளோரின் அணுக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. கடைசியில் மிஞ்சுவது என்ன? எத்திலீன்! மாம்பழமும் வாழைப்பழமும் பழுக்கும்போது தாமே வெளிவிடும் அதே வாயு!