கார் ஓட்டி வந்தவர்
ஓடிஸ் ரெட்டிங் (1941–1967)

உங்கள் காலடித் தரை சரிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மெம்ஃபிஸ் மெக்லெமோர் சாலையின் பழைய சினிமா கொட்டகையைத்தான் ஸ்டாக்ஸ் நிறுவனம் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியது. அந்தக் கட்டடம் 1989-இல் இடிக்கப்பட்டது. சரிவு உட்பட எல்லாவற்றையும் அப்படியே மறுபடி கட்டி, 2003-இல் திறந்தார்கள்.

1962-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரிலிருந்து கித்தார் கலைஞர் ஜானி ஜென்கின்ஸ் பதிவுக்காக வந்தார். கார் ஓட்டி வந்த இளைஞர் ஓடிஸ் ரெட்டிங். தந்தை காசநோயில் படுத்ததால் பள்ளியை விட்டு, கிணறு தோண்டும் வேலைக்குப் போனவர். மேக்கன் டக்ளஸ் அரங்கின் பாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து வென்றவர்.

ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் ஓடிஸைப் பாடவிட்டார்கள். ஸ்டாக்ஸின் கித்தார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர் கித்தாரை வைத்துவிட்டுப் பியானோவில் அமர்ந்தார். 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பிறந்தது. கெஞ்சலும் தழுதழுப்புமாக, அவசரமே இல்லாத பாட்டு. அவருடைய பெரும் பலம் அந்த நிதானம்தான்.

உடனே புகழ் வரவில்லை. கறுப்பின மக்களின் வானொலி நிலையங்கள் வழியாக, 1963-இல்தான் பாட்டு மெல்லப் பரவியது. 1965-இல் 'ஓடிஸ் ப்ளூ' இசைத்தொகுப்பு. அதில் அவரே எழுதிய 'ரெஸ்பெக்ட்' இருந்தது. பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் பின்னர் உலகப் புகழாக்கிய பாடல் அதுவே.

1967 ஜூனில் மான்டரே இசை விழாவில், பெரும்பாலும் வெள்ளையரான ராக் ரசிகர் கூட்டத்தை அவர் கட்டிப்போட்டார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். வயது 26.