கோடையிலும் ஓயாத பள்ளி: அமெரிக்கக் கிறித்தவக் குடும்பங்களில் இல்லவழிக் கல்வி

முன்னுரை

பள்ளி விடுமுறை என்பது மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஒருசேர வாய்க்கும் ஓய்வு என்றே நாம் அறிந்திருக்கிறோம். இல்லமே பள்ளியாகவும் அன்னையே ஆசிரியராகவும் அமைந்துவிட்ட குடும்பத்தில் விடுமுறை யாருக்கு, எதிலிருந்து என்னும் வினா எழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இல்லவழிக் கல்வியை மேற்கொண்டுள்ள கிறித்தவக் குடும்பங்களின் கோடைக்கால அன்றாட வாழ்வை இவ்வினாவின் வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இல்லவழிக் கல்வி என ஈண்டு நாம் குறிப்பது, பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்காமல் பெற்றோரே பாடத்திட்டத்தைத் தேர்ந்து, கற்பித்து, அதன் விளைவுக்கும் பொறுப்பேற்கும் முறையினை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நம் மாணவர்கள் பள்ளிப் பாடங்களை வீட்டிலிருந்தே பயின்றனர், அது வேறு. அங்கே இடம் மாறியதேயன்றிப் பொறுப்பு பள்ளியிடமே இருந்தது.

இயக்கத்தின் இரு ஊற்றுகள்

இவ்வியக்கம் சமயத்திலிருந்து மட்டுமே பிறந்தது என்று கருதுவோர் உளர். அது முழு உண்மையன்று. பள்ளிகள் குழந்தையின் இயல்பான அறியும் வேட்கையைக் கெடுக்கின்றன என்று வாதிட்ட ஜான் ஹோல்ட், 1977இல் இல்லவழிக் கல்விக்கெனத் தனி இதழ் தொடங்கினார். அவருடைய நிலைப்பாடு சமயம் சார்ந்ததன்று. ஏறத்தாழ அதே காலத்தில் ரேமண்ட் மூர், டோரதி மூர் இணையர், முறைசார் கல்வியைக் குறைந்தது எட்டு வயது வரை தள்ளிவைப்பதே நன்று என எழுதினர். அவர்களுடைய எழுத்துகள் கிறித்தவக் குடும்பங்களிடையே பெரிதும் பரவின. அரசுப் பள்ளிகளில் அதிகாரமுறை வழிபாட்டையும் விவிலிய வாசிப்பையும் உச்சநீதிமன்றம் 1962, 1963 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளால் விலக்கியிருந்தமை அக்குடும்பங்களின் மனக்குறைக்கு ஒரு பின்புலமாயிற்று. 1983இல் இல்லக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இம்முறை சட்ட ஏற்புப் பெற்றது.

1999இல் இவ்வாறு பயின்ற பிள்ளைகள் ஏறத்தாழ 8 இலட்சத்து 50 ஆயிரம் பேர் எனவும், 2012இல் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் எனவும் அந்நாட்டுத் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் மதிப்பிட்டது. 2012ஆம் ஆண்டு ஆய்வில் சமயக் கல்வியைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறிய பெற்றோர் 64 விழுக்காட்டினர். பள்ளிச் சூழல் பற்றிய கவலையைக் கூறியோர் 91 விழுக்காட்டினர். பக்தியும் அச்சமும் இங்கே பின்னிப்பிணைந்து கிடக்கின்றன என்றே நாம் கொள்ள வேண்டும்.

கோடை விடுமுறை யாருடையது?

அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட கோடை விடுமுறை, உழவர் பிள்ளைகள் வயலில் உதவுவதற்காக ஏற்பட்டது என்பது பலர் நாவிலும் வழங்கும் கூற்று. சற்றே எண்ணினாலும் இது பொருந்தாமை விளங்கும். விதைப்பு இளவேனிலிலும் அறுவடை பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் நிகழ்வன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாட்டுப்புறப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலுமே நடைபெற்றன. நகரப் பள்ளிகளோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இயங்கின. நகரின் வெப்பம், வசதியுள்ளோர் கோடையில் ஊரைவிட்டு வெளியேறிய வழக்கம், பள்ளி நாட்காட்டியை ஒருமைப்படுத்த விழைந்த சீர்திருத்தவாதிகளின் முயற்சி ஆகியவற்றின் விளைவே இன்றைய விடுமுறை என்பதைக் கென்னத் கோல்டு 2002இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

ஆதலின் அவ்விடுமுறை பள்ளி என்னும் நிறுவனத்துக்கு உரியது. குழந்தையின் இயல்பிலிருந்து எழுந்ததன்று. இதை இல்லவழிக் கல்விக் குடும்பங்கள் நடைமுறையிலேயே உணர்ந்துள்ளன. சில குடும்பங்கள் அண்டை அயலாரைப் பின்பற்றி ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாடநூல்களை மூடிவைக்கின்றன. சில குடும்பங்கள் ஆறு வாரம் படிப்பு, ஏழாம் வாரம் ஓய்வு என ஆண்டு முழுவதையும் பகுத்துக்கொள்கின்றன. ஆறு நாள் படைப்பும் ஏழாம் நாள் ஓய்வும் என்னும் விவிலியக் காலக்கணக்கு இங்கே கால அட்டவணையாகவே உருமாறியுள்ளது. வேறு பல குடும்பங்கள் வாசிப்பையும் கணிதத்தையும் மட்டும் கோடையில் விடாது தொடர்கின்றன.

கணிதத்தை விடாமைக்குக் காரணம் உண்டு. கோடை விடுமுறையில் மாணவர் சராசரியாக ஒரு மாத அளவிலான கற்றலை இழக்கின்றனர் என்றும், அவ்விழப்பு வாசிப்பைவிடக் கணிதத்திலேயே மிகுதி என்றும் ஹாரிஸ் கூப்பரும் பிறரும் 1996இல் காட்டினர். அளவிடும் முறை பற்றிப் பின்வந்த ஆய்வாளர் ஐயம் எழுப்பினராயினும் பெற்றோர் மனத்தில் அக்கருத்து ஊன்றிவிட்டது. அக்குடும்பங்களின் உணவு மேசையில் கோடைதோறும் விரிக்கப்படும் கணித நூல்களுள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக் கணித நூலும் ஒன்று. 1980களில் சிங்கப்பூர்க் கலைத்திட்ட மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய அந்நூல்வரிசை, 1990களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் விற்பனையாகி, இல்லவழிக் கல்வியாளரிடையே பெரும்பெயர் பெற்றது. ஓர் அரசு தன் பள்ளிகளுக்கென வகுத்த பாடநூல், அரசுப் பள்ளியை வேண்டாவென விலகியோரின் கைநூலாயிற்று!

ஒரு நாளின் நடப்பு

குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபாடு உண்டெனினும் கோடை நாளின் பொது அமைப்பு ஒன்று புலப்படுகின்றது. காலையில் படுக்கையைச் சீர்செய்தல், கோழிகளுக்குத் தீனியிடல், பாத்திரம் கழுவுதல் எனப் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற வேலைகள் உண்டு. காலையுணவுக்குப் பின் குடும்ப வழிபாடு. விவிலியப் பகுதி ஒன்றை வாசித்தல், பாடல், மனனம். அதன்பின் வெயில் ஏறுமுன் மேசைப் பாடம். தென் மாநிலங்களில் நண்பகல் வெப்பம் கடுமையாதலின் ஓடியாடும் வேலை எதுவும் முற்பகலிலேயே முடிந்துவிட வேண்டும்.

இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசனின் (1842–1923) முறையைப் பின்பற்றும் குடும்பங்களில் இரு பழக்கங்கள் சிறப்பாகக் காணப்படும். ஒன்று, வாசித்ததை ஒருமுறை மட்டுமே கேட்டு, குழந்தை தன் சொற்களில் திருப்பிச் சொல்லுதல். வினா விடைத்தாள் இல்லை. நிரப்புவதற்குக் கோடிட்ட இடமும் இல்லை. மற்றொன்று, இயற்கைக் குறிப்பேடு. பிள்ளை தான் கண்ட வண்டையோ இலையையோ வரைந்து, நாளும் இடமும் குறித்துவைக்கும். கோடையில் இக்குறிப்பேடே முதன்மைப் பாடமாகிவிடுவதுண்டு. திருப்பிச் சொல்லும் பயிற்சியைத் தமிழாசிரியர்கள் கருத்திற்கொள்ளலாம். வீட்டில் தமிழ் ஒலிப்பது குறைந்துவரும் நம் சூழலில், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒரு கதையைக் கேட்டு வாய்மொழியாக மீளச்சொல்லும் குழந்தை பெறும் மொழிப்பயன், பயிற்றுநூற் பக்கங்களால் எளிதில் கிட்டுவதன்று.

பிற்பகலில் அன்னை உரக்க வாசிப்பார். லாரா இங்கல்ஸ் வைல்டரின் குடியேற்றக் கதைகளும் சி. எஸ். லூயிசின் நார்னியா கதைகளும் இவ்வில்லங்களில் மிகுதியும் வாசிக்கப்படுவன. பொது நூலகத்தின் கோடை வாசிப்புத் திட்டத்தில் பிள்ளைகள் பெயர் பதிந்து, முடித்த நூல்களைப் பட்டியலிட்டுச் சிறு பரிசு பெறுவர். ஜூன், ஜூலையில் ஒரு வாரம் தேவாலயத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடைபெறும். நியூயார்க்கின் ஏழைப் பிள்ளைகளுக்காக 1898இல் ஹாஸ் என்னும் அம்மையார், மதுக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய வகுப்பு இவ்வழக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. தமிழகத் திருச்சபைகளிலும் மே மாதத்தில் இதே பெயரால் இது நடந்துவருதல் நம்மிற் பலர் அறிந்ததே.

ஜூலை இறுதியில் தோட்டம் காய்த்துக் குலுங்கும்போது சமையலறை ஆய்வுக்கூடமாகின்றது. தக்காளியைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தலாம். எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். பீன்சை அவ்வாறு செய்யலாகாது. அதில் அமிலம் குறைவு. பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகளை அழிக்கக் கொதிநீரின் வெப்பம் போதாது. அழுத்தக் கலன் வேண்டும். ஏன் என்று பத்து வயதுச் சிறுமி கேட்குமிடத்தில் வேதியியலும் உயிரியலும் தாமே தொடங்குகின்றன. இதனைப் பாடம் என்பதா, வீட்டுவேலை என்பதா? கேட்கப்பட்ட வினாவுக்கு அன்னையிடம் விடையும் பொறுமையும் இருந்தால் அது பாடம். நாற்பது சாடிகளை மாலைக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் அவ்வினா அடக்கப்படின் அது வேலை மட்டுமே. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில்கூட நிகழக்கூடும்.

அன்னையின் கோடை

இக்குடும்பங்கள் பலவற்றில் தந்தை பொருளீட்ட, கற்பித்தல் தாயின் பங்காகவே அமைகின்றது. பாடம் நின்ற மாதங்களிலும் அவருக்கு ஓய்வில்லை. வரும் ஆண்டுக்கான பாடத்திட்டத்தைத் தெரிவுசெய்தல், பழைய நூல் விற்பனைகளுக்குச் சென்று மலிவாக வாங்குதல், ஐந்து பிள்ளைகளாயின் ஐந்து நிலைகளுக்கும் வாராந்தரத் திட்டம் தீட்டுதல் ஆகிய அனைத்தும் கோடையிலேயே நிகழ்கின்றன. பள்ளியில் தலைமையாசிரியர், ஆசிரியர், நூலகர், சிற்றுண்டிச்சாலைப் பணியாளர் எனப் பலர் ஊதியம் பெற்றுச் செய்யும் பணிகளை இங்கே ஒருவர் ஊதியமின்றிச் செய்கிறார். பெரிய குடும்பங்களில் இச்சுமையின் ஒரு பகுதி மூத்த பெண்மக்கள்மீது இறங்குவதும் உண்டு. தம்பி தங்கையரைப் பேணுதலே தம் கல்வியாகிவிட்டது என்று பின்னாளில் எழுதிய பெண்கள் சிலரின் குரலை இவ்வியக்கத்தைப் போற்றுவோர் புறந்தள்ளலாகாது.

கணக்கும் கண்காணிப்பும்

கோடை, சட்டத்தின் பருவமும் ஆகும். பென்சில்வேனியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 180 நாள்களோ, தொடக்கநிலையில் 900 மணிநேரமோ, இடைநிலையில் 990 மணிநேரமோ கற்பிக்க வேண்டும். தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் பிள்ளையின் பணித்தொகுப்பைப் பார்த்து, பிள்ளையுடன் உரையாடி அளிக்கும் சான்று ஜூன் 30க்குள் சென்றுசேர வேண்டும். அடுத்த ஆண்டுக்கான உறுதிமொழி ஆவணம் ஆகஸ்டு 1க்குள். மிசௌரியில் ஆண்டுக்கு 1,000 மணிநேரம். அவற்றுள் 600 மணிநேரம் அடிப்படைப் பாடங்களுக்கு. டெக்சாசிலோ பெற்றோர் எவருக்கும் அறிவிக்க வேண்டுவதில்லை. ஆண்டுக்கணக்கு ஜூலை 1இல் தொடங்கும் மாநிலங்களில் கோடை முகாமும் தக்காளிச் சாடியும் கணக்கேட்டில் ஏறுவது இயல்பே. சிங்கப்பூரில் 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ், விலக்குப் பெற்று வீட்டில் பயிலும் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் குறிக்கப்பட்ட நிலையை எட்ட வேண்டும் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே மணிக்கணக்கு, இங்கே தேர்வுக்கணக்கு.

எதனை எண்ணுவது என்பதைவிட எவர் பார்ப்பது என்பதே கடுமையான வினா என நாம் கருதுகிறோம். குழந்தை துன்புறுத்தப்படுவதை முதலில் கண்டு அதிகாரிகளுக்கு அறிவிப்போருள் ஆசிரியர்கள் முக்கியமானோர். பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை கோடையில் அக்கண்கள் விலகியிருக்கும். பள்ளி திறந்ததும் மீளும். இல்லத்திற் பயிலும் பிள்ளைக்கு அவை மீள்வதில்லை. இல்லவழிக் கல்வி பெற்று வளர்ந்தோர் சிலரே 2013இல் ஓர் அமைப்பு நிறுவி, ஆண்டுதோறும் ஒருமுறையேனும் பயிற்சிபெற்ற வெளியாள் ஒருவர் பிள்ளையைக் காண வேண்டும் எனக் கோரிவருகின்றனர். பெற்றோர் உரிமை பேசும் சங்கங்கள் இதனை அரசின் ஊடுருவலாகக் கண்டு எதிர்க்கின்றன. நன்கு நடக்கும் இல்லங்களே மிகுதியாக இருக்கலாம். அவ்வில்லங்களுக்கு ஆண்டுக்கு ஒரு மணிநேர உரையாடல் பெருஞ்சுமையாகாது. பென்சில்வேனியக் குடும்பங்கள் அதனை ஒவ்வொரு ஜூனிலும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. இயற்கைக் குறிப்பேட்டைக் கையில் ஏந்திச் செல்லும் பிள்ளைக்கு, அன்னையல்லாத ஒருவரிடம் தான் வரைந்த வண்டின் பெயரைச் சொல்லும் வாய்ப்பும் அப்போது கிடைக்கின்றது.